பச்சை ஓலையில் ஓடிய துளி

பேத்தி வாங்கித் தந்த புதுக் குடையை வாசலில் உதறினேன். மழைத்துளிகள் துணியில் ஒட்டாமல் உருண்டையாய்த் திரண்டு ஓடின.

நான் பெரியவளானபோது அம்மாவின் தம்பி, என் மாமா, சின்னமனூர்த் தோப்பிலிருந்து பச்சைத் தென்னையோலை கொண்டுவந்து எங்கள் கொல்லையில் குச்சுக் கட்டினார். குனிந்துதான் உள்ளே போகமுடியும். அங்கேயே சாப்பாடு, அங்கேயே தூக்கம். பொழுது போகாமல் என் செம்புத் தண்ணீரை ஓலையில் தெளிப்பேன். துளி உருண்டு ஓடி, இடுக்கு வழியாக வெளியே விழும். தலைக்குத் தண்ணீர் ஊற்றியதும் நானும் இப்படியே பள்ளிக்கூடத்துக்கு ஓடிவிடுவேன் என்று நினைத்துக்கொள்வேன்.

ஓலை காயக் காயத் துளியின் ஓட்டம் குறைந்தது. முதலில் தயங்கி நின்றது. பிறகு சப்பையாகிப் படர்ந்தது. ஒருநாள் விழுந்த இடத்திலேயே ஊறிப்போனது. அன்றைக்குத்தான் வெளியே மாமாவின் குரல் கேட்டது.

"வாத்தியார் வந்தாகளாமேக்கா?"

"ஆமா, புள்ளைய அனுப்புவீகளான்னு கேட்டாக. இனி எங்கிட்டு அனுப்ப? தை பொறக்கட்டும், நீயே கட்டிக் கூட்டிட்டுப் போயிரு," என்றாள் அம்மா.

ஓலைக்கு இந்தப் பக்கம் நான் இருப்பது இருவருக்கும் தெரியும். என்னை யாரும் கேட்கவில்லை. குச்சைப் பிரித்து எரித்தார்கள். தையில் கல்யாணம் நடந்தது.

இந்தக் குடையும் நாலு மழை கண்டால் துளியைப் பிடித்துவைத்துக்கொள்ளும்.

"மழையில அங்கன என்ன பண்ற? உள்ள வா," என்று மாமா கூப்பிட்டார்.

எங்கள் வீட்டு வாசல்நிலை நல்ல உயரம். குடையை மடக்கிக்கொண்டு, குனிந்தே உள்ளே போனேன்.