சின்னானைச் சுற்றி வந்த வேலி

இடுகாட்டைப் பார்த்துக்கொள்ளும் வேலையில், படுத்திருப்பவர்களால் ஒரு தொந்தரவும் கிடையாது. நின்றுகொண்டு பேசுபவர்களால்தான் எல்லாம். எந்த வேலையில் இருந்தாலும் உங்களுக்கும் இது தெரிந்திருக்கும். மலாயாவில் வெள்ளைக்காரர்கள் கம்யூனிஸ்டுகளை வேட்டையாடிய அவசரகாலத்தில், பெம்பான் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் எனக்கு அந்த வேலை.

தோட்டக் கூலிகள் குடியிருந்த லயங்களைத் தாண்டிய மேட்டில் சின்னான் என்பவரின் சமாதி இருந்தது. ஒப்பந்தக் கூலிகளை அடித்து மறுபடி கைநாட்டு வாங்கிய காலத்தில், "நாங்க அடிமையில்ல" என்று லயத்தையே மறுக்க வைத்து, ஜெயிலுக்குப் போய் வந்து செத்தவர். பக்கத்தில் அவரோடு நின்றவர்களின் சமாதிகள். அந்த மேட்டைக் காப்பாற்றுவது என் பொறுப்பு.

புல்

முதலில் ஆளை மறைக்கும் லாலாங் புல்லை வளரவிட்டேன். ரோந்து வந்த தமிழ் இன்ஸ்பெக்டர், அதற்குள் கம்யூனிஸ்டுகள் ஒளிவார்கள் என்று வாங்கு வாங்கென்று வாங்கினார். வியர்வை சொட்டச் சொட்ட வெட்டிச் சுத்தமாக்கினேன். அடுத்த முறை வந்தவர், பளிச்சென்றிருந்த பாதையை மேலும் கீழும் பார்த்தார்.

"யாரு வர்றதுக்காகய்யா இவ்ளோ கிளீன் பண்ணி வச்சிருக்க?"

படையல்

சின்னானின் பேத்தி பாக்கியம் அக்கா, பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுப்பவர். தாத்தாவின் நினைவு நாளுக்குச் சோறும் கருவாட்டுக் குழம்பும் எடுத்துக்கொண்டு கிளம்பினார். லயத்துப் பாதையில் போட்டிருந்த கேட்டைத் தாண்டி ஒரு பருக்கை போகக்கூடாது என்பது சட்டம், காட்டிலிருப்பவர்களுக்குப் போய்விடுமாம். இது செத்தவருக்கு என்று நான் எடுத்துச் சொன்னேன். கேட் காவலர் அப்துல்லா எங்கள் தோட்டத்திலேயே வளர்ந்த மலாய்க்காரர். சட்டியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு, கனிவாகவே சொன்னார்.

"செத்த ஆளு சோறு திங்காதுக்கா. காட்டுல இருக்கிற ஆளுதான் திங்கும்லா."

முளைக்குச்சி

பிறகு லயங்களைச் சுற்றி முள்வேலி போட உத்தரவு வந்தது. சர்வேயர் மேட்டையும் உள்ளே சேர்த்து முளை அடித்துவிட்டுப் போனார். தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரைக்கு மனம் மாறிவிட்டது. கம்பி வீண், முளைகளை லயத்தோரமாகத் தள்ளி அடித்து, வெளியே நிற்கும் மேட்டைத் தரைமட்டமாக்கு என்றார். 

மறுநாள் முளைகளைப் பிடுங்கப் போனவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். முந்தின நாள் வெள்ளிக்கிழமை. தாத்தாவுக்குக் காவலாக யாரோ நட்ட குச்சிகள் என்று நினைத்து, பாக்கியம் அக்கா ஒவ்வொன்றுக்கும் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருந்தார். இனி யார் தொடுவார்கள்? ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் அதட்ட வந்தார்; அவரே செருப்பைக் கழற்றிவிட்டார். வேலிக்குக் கெடு நெருங்கியிருந்தது. துரை தனக்குத் தெரிந்த தோட்டத் தமிழில் கத்தினார்.

"போட்டுத் தொலைங்க, அந்த வழியாவே!"

வேலிக்குள்ளே

வேலி எழுந்த அன்று சந்தோஷத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. மேடு தப்பியது, படையலுக்கும் தடையில்லை. பாக்கியம் அக்கா சோற்றை வைத்துக் கும்பிட்டுவிட்டு நிமிர்ந்தார். எந்தப் பக்கம் திரும்பினாலும் முள்கம்பி. அவர் முகம் சுருங்கிப்போனது.

"கட்டுப்பட மாட்டேன்னு செத்த மனுசன் தம்பி, அவரையும் எங்களோட உள்ள போட்டுப் பூட்டிட்டாங்களேலா!"

அடிமையாக மாட்டேன் என்றவரின் சமாதியைக் காப்பாற்ற எங்களுக்குக் கிடைத்த ஒரே வழி, அவரையும் கைதியாக்குவதாகத்தான் இருந்தது.