டிரான்ஸ்பார்மருக்குச் சேர்த்த சுருதி

அண்ணன் கப்பல் வேலைக்குக் கிளம்பிய சித்திரை மாதத்தில், கிடாரை என் கட்டிலின் மேல் வைத்துவிட்டு ஒரு நிபந்தனை போட்டான். ஒரு வருஷம் கழித்து விடுமுறைக்கு வருவான். அப்போது அவனோடு சேர்ந்து ஒரே ஒரு பாட்டை முதலிலிருந்து கடைசிவரை நான் வாசிக்க வேண்டும். வாசித்தால் கிடார் எனக்கு. இல்லாவிட்டால் தூத்துக்குடியில் அவனுடைய சிநேகிதன் ஒருவன் நெடுநாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறான், அவனுக்குப் போய்விடும்.

"ஒரு வருசமா? ஒரு மாசம் தாங்குமான்னு பாரு," என்றாள் அம்மா, முறத்தில் உளுந்தைப் புடைத்தபடி. "இவ எதைத்தான் முடிச்சிருக்கா? பூப்போட்ட மேசைவிரிப்பு பாதியில கெடக்கு. இந்திப் பரீச்சை பாதியில நின்னுபோச்சு. தையல் மெசின்ல அரைப் பாவாடை மாசக்கணக்காத் தொங்குது."

"டிப்ளமா முடிச்சேன்ல?"

"அது சம்பளம் கெடைக்கும்னு முடிச்ச."

அம்மா சொன்னதில் பொய் இல்லை. எனக்கு ஆரம்பிப்பது பிடிக்கும். ஆரம்பங்களில் பட்டியல் போடலாம்: என்னென்ன வாங்க வேண்டும், எந்தக் கிழமை என்ன செய்ய வேண்டும், எத்தனை நாளில் எவ்வளவு. பட்டியல் முடிந்ததும் வேலையே முடிந்துவிட்டதுபோல ஒரு நிம்மதி வந்துவிடும். அதற்குப் பிறகு ஊசியைத் தொட மனம் வராது. இந்த முறை அப்படி ஆகக்கூடாது என்று நினைத்தேன். நினைத்ததோடு நிற்காமல் ஒரு நாற்பது பக்க நோட்டில் அதையும் எழுதி வைத்தேன்.

தேனியிலிருந்து சின்னமனூர் போகிற சாலையில், வயல்களுக்கு நடுவே இருந்த ஒரு துணை மின்நிலையத்தில் அப்போது எனக்கு வேலை. மின்சாரப் பிரிவில் டிப்ளமா படித்த பெண் என்பதால் ஷிப்டு போடவில்லை. ஆபரேட்டர்கள் மணிக்கொரு தடவை குறித்து வைக்கும் அளவுகளை மறுநாள் காலையில் பெரிய பதிவேட்டில் சுத்தமாகப் பெயர்த்து எழுதுவதும், மாதக் கடைசியில் வரைபடம் போடுவதும் என் வேலை. குடியிருப்பு அங்கேயே. பின்வாசலைத் திறந்தால் கம்பிவேலி, வேலிக்கு அந்தப் பக்கம் டிரான்ஸ்பார்மர். அப்பா இல்லாத அந்த வீட்டில் அம்மாவுக்கும் எனக்கும் மூன்றாவது ஆள் மாதிரி அது எந்நேரமும் இரைந்துகொண்டிருக்கும்.

கிடார் சொல்லித்தர அக்கம்பக்கத்தில் யாரும் இல்லை. மதுரைக்குப் போனபோது பழைய புத்தகக் கடையில் ஒரு பயிற்சிப் புத்தகம் வாங்கி வந்தேன். அதிலிருந்த படங்கள் எனக்குப் பழக்கப்பட்ட சர்க்யூட் படங்கள் போலவே இருந்தன. ஆறு கோடுகள், குறுக்கே கட்டங்கள், விரல் வைக்கும் இடத்தில் கருப்புப் புள்ளி. படத்தைப் புரிந்துகொள்ள ஒரு மாலை போதுமாக இருந்தது. விரல்களுக்குப் புரியவைக்க மூன்று மாதம் ஆனது. முதல் வார நோட்டில் இப்படி இருக்கிறது: ஆள்காட்டி விரல், வீக்கம். நடுவிரல், பரவாயில்லை. மோதிர விரல், சொன்னால் கேட்பதில்லை. சுண்டுவிரல், சொல்லாமல் விடுப்பு.

சுருதி சேர்ப்பதுதான் பெரிய கேள்வி. பியானோவை வைத்துச் சேர்க்கவும் என்று புத்தகம் சொன்னது. எங்களுக்கு எட்டிய தூரத்தில் பியானோ கிடையாது. நாங்கள் போகும் சிறு தேவாலயத்தில் ஆர்மோனியம்கூட இல்லை, கைதட்டித்தான் பாடுவோம். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எந்தச் சுரம் விநாடிக்கு எத்தனை அதிர்வு என்று ஓர் அட்டவணை இருந்தது. தடித்த தந்தியை மூன்றாம் கட்டத்தில் அழுத்தினால் வரும் சுரத்துக்கு எதிரே தொண்ணூற்றெட்டு என்று போட்டிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விநாடிக்கு ஐம்பது சுழற்சியுள்ள மின்சாரத்தில் டிரான்ஸ்பார்மர் நூறு தடவை அதிரும் என்பது முதல் வருஷப் பாடம். நூறுக்கும் தொண்ணூற்றெட்டுக்கும் வித்தியாசம் இரண்டு சதவீதம். எங்கள் தொழிலில் மீட்டர் இரண்டு சதவீதம் கூடக்குறையக் காட்டினால் யாரும் அதைப் பிழை என்று சொல்வதில்லை. நான் கிடாரை எடுத்துக்கொண்டு பின்வாசல் படியில் உட்கார்ந்தேன். அந்த ரீங்காரத்தோடு தந்தி சேர்ந்து கரையும்வரை திருகாணியை முறுக்கினேன். மற்ற ஐந்து தந்திகளையும் அதை வைத்துச் சேர்த்துக்கொண்டேன்.

அன்று முதல் தினமும் அப்படித்தான். வேலை முடிந்து முகம் கழுவி, காபி குடித்து, படிக்கு வருவேன். மேற்கே மலை நீலமாகி, பிறகு சாம்பலாகி, பிறகு இல்லாமல் போகும். வாய்க்காலில் தண்ணீர் வந்திருந்தால் நெல்லின் பச்சை வாசனை வரும். தந்தியைத் தட்டிவிட்டுக் காத்திருப்பேன். இரண்டு ஒலிகளும் முதலில் ஒன்றையொன்று உரசி, அலை அலையாக எழுந்து விழும். திருகாணியை மயிரிழை திருப்பினால் அலை நீளும், இன்னும் நீளும், பிறகு தண்ணீர் அசையாமல் நின்றுவிட்டதுபோல அடங்கிவிடும். அந்த ஒரு கணத்துக்காகவே நான் தினமும் உட்கார்ந்தேனோ என்று இப்போது தோன்றுகிறது. பயிற்சி செய்ததை நிமிஷக் கணக்கில் எழுதினேன். சுருதிக்காகக் காத்திருந்த நேரத்தை எந்தக் கணக்கிலும் சேர்க்கவில்லை.

வேலியோரமாகப் போகும் லைன்மேன் ஒருநாள் நின்று கேட்டார். "தங்கச்சி, நீ தட்டுறதும் இது இரையுறதும் ஒண்ணு மாதிரியே இருக்கே. எது வயித்துவலியில முனகுதுன்னு தெரியல."

"ரெண்டும்தாண்ணே," என்றேன்.

ஒரு தொல்லை மட்டும் தீரவில்லை. நேற்றுச் சரியாகச் சேர்த்த தந்தி இன்று சேராது. ஆனி, ஆடியில் சாரல் வீசிய நாட்களில் தந்திகள் தொய்ந்திருந்தன, முறுக்க வேண்டியிருந்தது. வெயில் ஏறிய மாதங்களில் இறுகியிருந்தன, தளர்த்த வேண்டியிருந்தது. நோட்டில் தினமும் எழுதினேன்: இன்று தொய்வு, இன்று இறுக்கம். சந்தேகப்பட்டவற்றுக்கும் ஒரு பட்டியல் உண்டு. ஈரக்காற்று, அடுப்புச்சூடு, மட்டமான தந்தி, அம்மா பெருக்கும்போது இடிப்பது. கிடாரைச் சுவரிலிருந்து கட்டிலடிக்கும், கட்டிலடியிலிருந்து பீரோ மேலும் மாற்றிப் பார்த்தேன். எதுவும் பலிக்கவில்லை. மரச்சாமானுக்கு அப்படி ஒரு குணம் போலும் என்று விட்டுவிட்டேன்.

ஆனால் நிறுத்தவில்லை. மார்கழியில், ஞாயிறு ஆராதனை முடிவில் நாங்கள் பாடும் பாட்டை முதல் தடவையாக நடுவில் நிற்காமல் வாசித்து முடித்தேன். உள்ளே அம்மா தோசைத் திருப்பியைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. தையல் மெசினில் தொங்கிய பாவாடையைப் பற்றி அதன் பிறகு அவள் பேச்சே எடுக்கவில்லை.

அடுத்த சித்திரையில் ஒரு வெள்ளிக்கிழமை அண்ணன் வந்தான். கறுத்து, மெலிந்து, சட்டைப்பையில் ஒரு மவுத் ஆர்கனோடு வந்தான். கப்பலில் ஓர் அறையில் ஆறு பேர், சட்டைப்பையில் அடங்குகிற வாத்தியம்தான் அங்கே சரிப்பட்டு வரும் என்றான். அன்று மாலையே படியில் உட்கார்ந்தோம். நான் வழக்கம்போல டிரான்ஸ்பார்மரைக் கேட்டுத் தந்தியைச் சேர்த்தேன். அவன் ஊத, நான் தட்ட, இரண்டும் சேர்ந்த முதல் ஒலி புளித்த மோர் மாதிரி இருந்தது.

அண்ணன் வாத்தியத்தை வாயிலிருந்து எடுத்தான். "சுருதி எறங்கிக் கெடக்கு, பாப்பா."

மறுபடியும் தந்தியைத் தட்டிக் கேட்டேன். ரீங்காரத்தோடு அசைவில்லாமல் நின்றது. "சரியாத்தான் இருக்குண்ணே."

"சரியாவா? நான் இங்கன ஊதுறேன், நீ அங்கன பள்ளத்துல கெடக்க."

அவனே கிடாரை வாங்கித் திருகாணிகளைத் திருப்பி, மவுத் ஆர்கனுக்குச் சேர்த்துக் கொடுத்தான். "இப்ப வாசி." வாசித்தேன். ஆனால் வருஷம் முழுவதும் சேர்ந்துவிட்டது என்று நான் கேட்டதெல்லாம் சேரவே இல்லையோ என்ற எண்ணம் வந்துவிட்டது. இரண்டாவது சரணத்தில் நின்றுவிட்டேன்.

"எல்லாருக்கும் காது அமையாது," என்றான் அண்ணன். கேலி செய்திருந்தால் தாங்கியிருப்பேன். அவன் ரொம்பப் பிரியமாகச் சொன்னான். திங்கட்கிழமை காலை அவனுக்குத் தூத்துக்குடி பஸ். அம்மா என்னைப் பார்த்துவிட்டு, பாதி என்ற சொல்லை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் சனிக்கிழமை. பதிவேட்டில் முந்தின நாள் அளவுகளைப் பெயர்த்துக்கொண்டிருந்தபோது மார்க்கையன்கோட்டையிலிருந்து ஒரு விவசாயி புகார் சொல்ல வந்தார். வாழைக்குத் தண்ணீர் ஏறவில்லை என்றார்.

"மோட்டாரு சத்தமே எறங்கிப்போச்சு ஆத்தா. மழைக்காலத்துல கணீர்னு பாடும். இப்ப சீக்குக்காரன் மாதிரி முனகுது. வைண்டிங் பாத்தவரு வந்தாக, மோட்டாரு நல்லாத்தான் இருக்கு, கரண்டுதான் மந்தம்னு சொன்னாக."

"ஆமாங்கய்யா, கோடையில கரண்டோட சைக்கிள், அதான் சுழற்சி, குறையும்," என்று சொல்லிக்கொண்டே எழுதிய பேனா நின்றது.

பலகையில் இருந்த, சுழற்சி காட்டும் மீட்டரை எழுந்து போய்ப் பார்த்தேன். சின்னச் சின்ன வெள்ளைத் தகடுகள் பல்வரிசை போல இருக்கும், அன்றைய சுழற்சி எதுவோ அந்தத் தகடு மட்டும் நடுங்கும். ஐம்பது என்று குறித்த தகடு அசையாமல் இருந்தது. நாற்பத்தெட்டு என்று குறித்தது பனிமூட்டம் போல அதிர்ந்துகொண்டிருந்தது. மோட்டாரின் குரல் இறங்கினால் டிரான்ஸ்பார்மரின் குரலும் இறங்கும். அதைக் கேட்டு நான் சேர்க்கும் கிடாரும் இறங்கும். அந்த எண்களை ஒரு வருஷமாக என் கையாலேயே காலையில் எழுதிவிட்டு, மாலையில் அதே கையால் திருகாணியைத் திருப்பியிருக்கிறேன். பதிவேடும் என் நோட்டும் ஒன்றிலிருந்து ஒன்று கூப்பிடு தூரத்தில்தான் இருந்தன.

மதியம் பதிவேட்டிலிருந்து மாலை ஆறு மணி அளவுகளை மட்டும் தாளில் குறித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். சாப்பாட்டு மேசையில் என் நோட்டைப் பக்கத்தில் விரித்துவைத்துத் தேதி தேதியாக ஒப்பிட்டேன். மலைக்கு அப்பால் மழை பெய்து அணைகள் நிரம்பி மின்சாரம் தாராளமாக வந்த ஆடியில் சுழற்சி ஏறியிருந்தது. என் நோட்டில் தொய்வு, முறுக்கினேன். தோட்டங்களெல்லாம் மோட்டார் ஓடிய மாசியில் சுழற்சி இறங்கியிருந்தது. என் நோட்டில் இறுக்கம், தளர்த்தினேன். ஒரே ஒரு நாள் பொருந்தவில்லை. அன்று ஓரத்தில் காய்ச்சல் என்று எழுதியிருந்தேன். கம்பம் பள்ளத்தாக்கில் தண்ணீர் மேலேறிய மாலைகளில் என் கிடார் கொஞ்சம் கீழிறங்கியிருக்கிறது. எத்தனையோ கிணறுகளுக்கும் திராட்சைக் கொடிகளுக்கும் சேர்த்து நான் சுருதி பிடித்திருக்கிறேன்.

அண்ணன் எதிரே உட்கார்ந்து கேட்டான். மின்சாரம் அவனுக்குப் புரியாது. "எல்லா மோட்டாரும் ஓடுனா கரண்டு களைச்சுப்போகும்ணே, சத்தம் எறங்கும்," என்று சொன்னேன். இரண்டு பக்கத்தையும் விரலால் தொட்டுத் தொட்டு நெடுநேரம் படித்தான்.

"அப்ப அது எங்கிட்டுப் போச்சோ நீயும் அங்கிட்டே போயிருக்க."

"ஆமா."

"இம்புட்டுக் கொஞ்சத்தையுமா காது கேட்டுச்சு?"

பதில் சொல்வதற்குள் என்னைத் திரும்பி உட்காரச் சொன்னான். முதுகுக்குப் பின்னால் ஒரு தந்தியைத் தட்டினான், திருகாணியைத் தொட்டான், மறுபடி தட்டினான். "ஏறிச்சா, எறங்கிச்சா?" இறங்கியது என்றேன். மறுபடி. ஏறியது. மறுபடி. "அண்ணே, நீ திருப்பவே இல்ல." அடுப்பங்கரையிலிருந்து அம்மா சிரிப்பது கேட்டது. அவன் கிடாரை என் மடியில் வைத்து, மவுத் ஆர்கனில் ஒரே சுரத்தை நீளமாக ஊதினான். "இதைப் பிடி."

நானே பிடித்தேன். உரசல், அலை, நீண்ட அலை, பிறகு அசையாத தண்ணீர். முதல் வரி, முதல் சரணம். இரண்டாவது சரணத்தில் விரல்கள் தாமாகவே நகர்ந்தன, நான் அவற்றைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தேன். மூன்றாவதில் அம்மா ஈரக்கையைச் சேலையில் துடைத்தபடி வந்து பாடத் தொடங்கினாள். கடைசி ஒலி மேசைப்பலகையில் ஓடி அடங்கும்வரை தந்தியிலிருந்து கையை எடுக்கவில்லை.

அண்ணன் மவுத் ஆர்கனை உதறி வேட்டி நுனியால் துடைத்தான். "தூத்துக்குடிக்காரன் என்னைய வைவான்," என்றான்.

"வையட்டும்," என்றாள் அம்மா. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "இன்னொருக்க மொதல்லருந்து வாசிங்க. முன்னால ரெண்டு சரணமும் நான் அடுப்பங்கரையில இருந்துட்டேன்."