பத்து கம்ப்யூட்டரும் ஒரு மயில் தோகையும்

கம்ப்யூட்டர் திரைக்கு அலங்காரம் செய்து தருவது என் தொழில். திரையைப் பார்க்கிறவர்கள் எல்லோரும் அதற்கு மேஸ்திரி ஆகிவிடுவது அதன் சாபக்கேடு.

பின்னணிப் படம், ஐக்கான், மவுஸ் அம்பு, நிறம் எல்லாம் சேர்த்துக் கட்டித் தருவேன். தீம் என்பார்கள். திருத்தணி மலையடிவாரத்தில் கடை. தொழில் படித்து வந்ததல்ல, ஏமாந்து ஏமாந்து வந்தது. அம்மையார்குப்பம் லுங்கி முதலாளி ஒருவர் புதுக்கடைக்குப் பத்து கம்ப்யூட்டர் வாங்கினார். ஒன்றில் செய்து காட்டு, பிடித்தால் பத்தும் உனக்கு என்றார். நாக்கு வறளப் பேரம் பேசி விலையை நான் சொன்ன இடத்தில் நிறுத்தினேன். அந்த வேலை வராவிட்டால் என் கடைக்கு ஷட்டர்தான். இனி நான் பட்டதைக் கேளுங்கள், என் தொழில்காரர்களே.

சாமி பாதம்

முருகன் படம் கேட்டார், போட்டேன். அம்புக்குப் பதில் வேல் கேட்டார், வரைந்தேன். கன்னத்தில் போட்டுக்கொண்டவர், மவுஸை நகர்த்தியதும் முகம் மாறினார். வேல் நேராகச் சாமி மார்பில் போய் நின்றது. சரி, அம்புக்கு மயில் தோகை வைக்கிறேன் என்றேன். அதற்குள் படத்தின் கீழே குப்பைத்தொட்டி ஐக்கானைக் கண்டுபிடித்துவிட்டார்.

"குத்துனது பத்தாதுன்னு கால்லயே குப்பைய வேற கொட்டிகீறியே நைனா."

வெயில் சோதனை

அவர் லுங்கியின் பச்சைதான் திரையிலும் வேண்டும் என்று ஒரு முழத் துண்டோடு வந்தார். அரை நாள் உட்கார்ந்து அந்தப் பச்சையைப் பிடித்தேன். ட்யூப்லைட்டில் சாயம் பார்க்கிற வழக்கம் தன் பரம்பரையிலேயே கிடையாது என்றார். மானிட்டரை வெயிலுக்குத் தூக்கி வரச் சொன்னார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. பத்தை நினைத்து அடக்கிக்கொண்டேன். ஒயரை இழுத்து, வாசலில் ஸ்டூல் போட்டு வைத்தேன். உச்சி வெயிலில் எந்தத் திரையில் என்ன தெரியும்? அவரோ துணியைப் பக்கத்தில் பிடித்து, குனிந்து நிமிர்ந்து பார்த்துச் சூள் கொட்டினார்.

"இன்னா சாயம் போட்ட நீ, வெயில் பட்ட ஒடனே வெளுத்துப்பூட்சே."

தோகை

லுங்கிக் கடையில் அந்தக் கம்ப்யூட்டரில் பில் போடுவது ஸ்டெல்லா அக்கா. அவரை முதலாளியும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. முதலாளி சொல்லச் சொல்லத் தோகையைப் பெரிதாக்கிக்கொண்டே போனேன். ஒருநாள் நூறு லுங்கி கேட்ட கடைக்கு ஆயிரத்துக்குப் பில் போய்விட்டது. கூடுதல் சைபர் தோகைக்கு அடியில் மறைந்திருந்ததாம். கண்ணைத் திறந்து பார்க்க வேண்டாமா என்று கத்தினேன். அவர் எழுந்து நாற்காலியை என் பக்கம் தள்ளினார்.

"ஒக்காரு தம்பி. ஒரு நாளு பில் போட்டுட்டு அப்பால கத்து."

அப்டேட்

திங்கட்கிழமை காலை முதலாளி உடனே வரச் சொன்னார். போய்ப் பார்த்தால், சிஸ்டம் தானாக அப்டேட் ஆகி என் வேலை மொத்தத்தையும் துடைத்துவிட்டிருந்தது. பச்சை இல்லை, தோகை இல்லை. கம்ப்யூட்டரோடு வருகிற நீலப் படமும் சின்ன அம்பும்தான். பத்தும் போச்சு என்று நின்றேன். ஸ்டெல்லா அக்கா படபடவென்று பில் போட்டுக்கொண்டிருந்தார். முதலாளி இடுப்பில் கை வைத்தபடி திரையையே பார்த்தார். என்மேல் தப்பில்லை என்று சண்டைக்கு வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"இப்பதான் நைனா ஒனுக்கு வேலை படிஞ்சிகீது. சாமிய நான் செவுத்துல மாட்டிக்கிறேன், இத்தையே பத்துலயும் போட்டுடு."

பேசிய விலையில் ஒரு பைசாவும் குறைக்காமல், வாயையும் திறக்காமல் தலையாட்டினேன் பாருங்கள், அதுதான் இத்தனை வருஷத்தில் நான் செய்த ஒரே உருப்படியான டிசைன்.