டீச்சரின் பிள்ளைகளும் நானும்

எங்கள் அம்மா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிற இந்நாளில், இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் என் வணக்கம். மகள் என்ற முறையில் இதை எழுதும் பொறுப்பைத் தம்பி என்னிடம் கொடுத்தான். அம்மாவிடம் படித்தவர்கள் பலர், ஆளுக்கொரு பக்கம் எழுதித் தருவதாகக் கேட்டார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பணிக்காலம் முழுவதும் அம்மா தம் மாணவர்களிடம்தான் இருந்தார்கள். இந்தச் சில பக்கங்களாவது எனக்கு மட்டும் இருக்கட்டும். அவர்கள் மன்னிப்பார்கள் என்று நினைக்கிறேன். மன்னிக்காவிட்டாலும் பரவாயில்லை.

அம்மா குன்றத்தூருக்கு அருகில் ஒரு சிற்றூரில் பிறந்தார்கள். தாத்தாவுக்குப் பம்மலில் தோல் பதனிடும் வேலை கிடைத்ததும் குடும்பம் அங்கே வந்தது. ஒரே அறை, எட்டுப் பேர். அம்மாவுக்குப் படிப்பு நன்றாக வந்தது, உட்கார்ந்து படிக்கத்தான் இடம் கிடைக்கவில்லை. அங்கிருந்த சர்ச்சில் கூட்டிப் பெருக்க வருகிற அண்ணனிடம் கேட்டு, சாயங்காலங்களில் கடைசி வரிசை பெஞ்சில் உட்கார்ந்து படித்தார்கள். அப்படியே ஆசிரியர் பயிற்சி வரை போய்விட்டார்கள். "எனக்கு ஒண்ணும் பெரிய மூளை இல்ல. என் தங்கச்சிக்குத்தான் மூளை. அவ இடுப்புல எப்பவும் ஒரு குழந்தை இருந்துச்சு, எனக்கு பெஞ்சு இருந்துச்சு, அவ்ளோதான் வித்தியாசம்" என்று அம்மா சொல்வார்கள். சித்தி இதைப் படிப்பார்கள். அது உண்மை என்று அவர்களுக்கும் தெரியும்.

தாம்பரத்தில் ரயில்வே வேலையில் இருந்த அப்பாவைத் திருமணம் செய்துகொண்டு ராஜகீழ்ப்பாக்கத்தில் குடியேறினார்கள். அம்மாவுக்கு வேலை கிடைத்ததோ பம்மல் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில். காலையில் ஒரு பஸ், அப்புறம் மின்சார ரயில், அப்புறம் இன்னொரு பஸ். இடமாற்றம் கேட்கலாமே என்று அப்பா பலமுறை சொல்லியும் கேட்கவில்லை. அந்தப் பள்ளியிலேயே இருந்து ஓய்வும் பெற்றார்கள்.

அம்மாவுக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஒரு பிள்ளை சரியாகப் படிக்கவில்லை என்றால், அதன் வீட்டுக்கே போய்விடுவார்கள். போய் மார்க்கைப் பற்றி எதுவும் பேச மாட்டார்கள். கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, "எங்க உக்காந்து படிக்கிற?" என்று பிள்ளையைக் கேட்பார்கள். பிள்ளை காட்டுகிற இடத்தில் தாமும் உட்கார்ந்து பார்ப்பார்கள். வெளிச்சம் வருகிறதா, டிவி எந்தப் பக்கம், அடுப்புப் புகை எங்கே போகிறது என்று கவனிப்பார்கள். பிறகு கட்டிலை நகர்த்தச் சொல்வார்கள், பல்பை இடம் மாற்றச் சொல்வார்கள். சில வீடுகளில் டிவியின் தலையெழுத்தே மாறியிருக்கிறது.

எங்கள் வீட்டில் அம்மா அப்படி எதையும் நகர்த்தியதில்லை. நான் எங்கே உட்கார்ந்து படிக்கிறேன் என்று என்னை ஒரு நாளும் கேட்டதில்லை. எனக்கு மின்விசிறி இருந்தது, காலை டிபன் இருந்தது, கட்டணம் கட்டிப் படிக்கிற இங்கிலீஷ் மீடியம் பள்ளி இருந்தது. அதனால் கேட்கத் தேவையில்லை என்று நினைத்திருப்பார்கள். கேட்கப்படுவதும் ஒரு வசதிதான் என்று எனக்கு அப்போதே தெரியும்.

நான் பொறாமைப்பட்ட பிள்ளைகளில் முதல் இடம் தேவிக்கு. என் வயதுதான் அவளுக்கும். எட்டாம் வகுப்பில் தினமும் தாமதமாக வந்து, முதல் பாடம் முழுவதும் வகுப்புக்கு வெளியே நின்றிருக்கிறாள். அம்மா அவள் வீட்டுக்குப் போனார்கள். அந்தத் தெருவில் கிணற்றுத் தண்ணீரை வாயில் வைக்க முடியாது. லாரித் தண்ணீர்தான். லாரி வருவது பள்ளி மணி அடிக்கிற நேரத்தில்.

"லாரி வர்றதுக்குள்ள நான் வேலைக்குப் பூட்றேன் டீச்சர். இவ நிக்கலைன்னா வூட்ல குடிக்கத் தண்ணி கெடையாது" என்றாராம் தேவியின் அம்மா.

மறுநாளே லாரி நிரப்பும் இடத்துக்கு அம்மா போய்விட்டார்கள். இந்தத் தெருவுக்கு முதலில் வந்துவிட்டுப் போகக் கூடாதா என்று டிரைவரிடம் கேட்டார்கள்.

"நான் இன்னா பஸ்ஸா ஓட்றேன் டீச்சர், டைமுக்கு வர்றதுக்கு?"

"உங்க பையன் எங்க ஸ்கூல்ல ஆறாங்கிளாஸ் தானே? அவனும் தினம் லேட்டாத்தான் வர்றான். அவன எந்தத் தெருவுல குடத்தோட நிக்க வெச்சிருக்கீங்க?"

அடுத்த வாரத்திலிருந்து லாரி ஏழு மணிக்கே வந்தது. தேவியோடு அந்தத் தெருப் பிள்ளைகள் எல்லாரும் நேரத்துக்குப் பள்ளிக்கு வந்தார்கள். அவர்கள் சீக்கிரம் வருகிறார்களே என்று அம்மா இன்னும் சீக்கிரம் கிளம்பிப் போய்க் கணக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அதனால் எங்கள் தெருக் குழாயில் தண்ணீர் பிடிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. இப்போது என் பள்ளியில் நான் கேட்டுக்கு வெளியே நின்றேன். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் முறையிட்டேன். லாரி டிரைவரிடம் பேசியதுபோல எனக்காகவும் யாரிடமாவது பேசுவார்கள் என்று எதிர்பார்த்தேன். என்னைத் திட்டினார்கள்.

அடுத்தது மேஜை. அப்பா தமக்குத் தெரிந்த தச்சரிடம் சொல்லி, எனக்கென்று ஒரு சின்ன மேஜை செய்து கொண்டுவந்திருந்தார். இழுப்பறைகூட உண்டு. ஒரு சனிக்கிழமை நான் டியூஷனிலிருந்து வந்தபோது மேஜை மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் ஏறிக்கொண்டிருந்தது. தேவியின் வீட்டுக்கு.

"உனக்குத்தான் சாப்பாட்டு மேஜை இருக்கே. அவ தரையில குனிஞ்சு எழுதி எழுதிக் கழுத்து வலிக்குதுங்கறா" என்றார்கள் அம்மா.

"எனக்கும்தான் கழுத்து வலிக்குது" என்றேன். அதற்கு அம்மா திட்டிய திட்டை அச்சகத்துக்காரர் அச்சடிக்க மாட்டார். அப்பா வண்டிக்காரரோடு சேர்ந்து மேஜைக்குக் கயிறு கட்டினார். இழுப்பறையில் இருந்த என் ஸ்கேலும் பென்சிலும் அப்படியே போய்விட்டன.

பத்தாம் வகுப்புத் தேர்வில் கணக்கில் தேவி என்னை விட அதிக மதிப்பெண் வாங்கினாள். அன்று எங்கள் வீட்டுக்கு லட்டு வந்தது, அவளுக்காக. எனக்கு, "பரவால்ல, அடுத்த தடவ கவனமா இரு." நான் லட்டு சாப்பிடவில்லை. அதற்கும் திட்டு விழுந்தது.

அம்மாவுடைய நற்பண்புகளைச் சொல்ல வேண்டிய இடம் இது. அம்மா யாருக்கும் அஞ்சியதில்லை. ஒருமுறை ஆசிரியர்களுக்கான பயிற்சியில், வெளியூரிலிருந்து வந்த அதிகாரி திரையில் படம் போட்டு, வளரும் நாடுகளில் பிள்ளைகள் படிப்பில் பின்தங்குவதற்கான காரணங்களைச் சொல்லிக்கொண்டே போனாராம். வறுமை, பெற்றோரின் கல்வியறிவு, ஊட்டச்சத்து, பள்ளிக் கட்டடம். அம்மா எழுந்து, "சார், இதுல தண்ணி லாரி எங்க வருது?" என்று கேட்டார்களாம். அவர் சிரித்துவிட்டு அடுத்த படத்துக்குப் போனாராம். அவர் சிரித்ததை அம்மாவால் தாங்க முடியவில்லை. அங்கே பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டு, அந்தக் கோபத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து இறக்கினார்கள். ரசத்தில் உப்பில்லை என்று அன்று எனக்குக் கிடைத்தது.

அப்பாவின் மறைவுக்குப் பிறகும், ஓய்வு பெற்ற பிறகும் அம்மா வீடுகளுக்குப் போவதை நிறுத்தவில்லை. முழங்கால் வலி வந்தும், ஷேர் ஆட்டோவில் ஏறிப் பம்மலுக்குப் போய்வந்தார்கள். நான் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே, அம்மாவோடு இருந்து கவனித்துக்கொண்டேன். பேரப் பிள்ளைகளின் பரீட்சையைவிடப் பம்மல் பிள்ளைகளின் பரீட்சைத் தேதிகள்தான் அம்மாவுக்கு மனப்பாடம்.

கடைசியில் சிறுநீரகம் பழுதாகித் தாம்பரத்தில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். அங்கே செவிலியராக இருந்தவள் தேவி. ஊரில் எத்தனையோ செவிலியர்கள் இருக்க, அவளே வந்து நின்றாள். டியூட்டி முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் அம்மாவின் காலைப் பிடித்துவிடுவாள். அவளைப் பார்த்தால் அம்மாவுக்கு முகம் மலர்ந்துவிடும். "போய் சாப்பிடுடா கண்ணு, நல்லா இருடா" என்பார்கள். நான் கொண்டுபோன கஞ்சி சூடாக இருந்தது, தலையணை சரியில்லை, நான் பேசினது சத்தம்.

கடைசி நாள் காலை நான் காபி வாங்கக் கிளம்பினேன். "கதவத் தொறந்து வெச்சுட்டுப் போறியே, கொசு வருதுல்ல? எத்தன வாட்டிடி சொல்றது உனக்கு?" என்றார்கள். அம்மா என்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான். அச்சில் போடக்கூடிய திட்டு என்பதால் போட்டிருக்கிறேன். நான் திரும்பி வருவதற்குள் நினைவு தப்பிவிட்டது. தேவிக்கு ஆசீர்வாதமும் எனக்குக் கொசுவும் கிடைத்ததே என்று அடக்க ஆராதனை முழுக்க என் நெஞ்சு எரிந்தது. மற்றவர்கள் அதைத் துக்கம் என்று நினைத்தார்கள். துக்கமும்தான்.

அடக்கத்துக்கு மறுநாள் மாணவர்கள் கூட்டமாக வீட்டுக்கு வந்தார்கள். ஆட்டோ ஓட்டுகிறவர், வக்கீல், கடை வைத்திருப்பவர் என்று கூடம் நிறைந்துவிட்டது. ஆளாளுக்கு அம்மாவைப் பற்றிப் பேசினார்கள். நான் டீ கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"டீச்சர் எங்கள ஒரு தபா கூடத் திட்டுனது இல்லக்கா. அவங்களுக்குக் கோவமே வராதுல்ல?" என்றாள் தேவி. எல்லாரும் ஆமாம் ஆமாம் என்றார்கள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தட்டைக் கீழே வைத்துவிட்டு, "அம்மாவுக்கா? கோபம் வராதா? என்னைத் திட்டாத நாளே கிடையாது" என்றேன்.

தேவி என்னையே பார்த்தாள். "மெய்யாலுமாக்கா? எங்கள்ல ஒருத்தரக்கூட அவங்க சொந்தப் புள்ளையா நெனச்சுத் திட்டலையே" என்றாள். பிறகு பக்கத்தில் வந்து, "உன்ன இன்னான்னு திட்டுவாங்க? ஒண்ணே ஒண்ணு சொல்லுக்கா, டீச்சர் மாதிரியே சொல்லு" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். ஆட்டோ ஓட்டுகிறவரும் நகர்ந்து கிட்டே வந்து உட்கார்ந்தார். அவர்கள் முகத்தில் இருந்தது என்னவென்று எனக்கு நன்றாகத் தெரியும். அதே முகத்தோடுதான் நான் வளர்ந்தேன்.

நான் சொல்லவில்லை. டீ ஆறுகிறது என்றேன்.

அம்மாவின் நோய்க்காலத்தில் உதவிய மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், வீட்டுக்கு வந்து ஜெபித்த சர்ச் ஐயருக்கும், எங்களுக்குச் சாப்பாடு கொண்டுவந்த ராஜகீழ்ப்பாக்கம் தெருக்காரர்களுக்கும், என்னோடு மருத்துவமனையில் மாறி மாறித் தங்கிய சித்திக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அம்மாவின் பெட்டியைச் சுமந்த மாணவர்களுக்கும் நன்றி. தேவிக்குத் தனியாக நன்றி சொல்கிறேன். அந்த மேஜையில் இப்போது அவள் மகன் உட்கார்ந்து படிக்கிறானாம், திருப்பிக் கொண்டுவந்து தரவா என்று கேட்டாள். அவளே வைத்துக்கொள்ளட்டும்.

இன்றைய நினைவு ஆராதனைக்குப் பிறகு எல்லாரும் இருந்து சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டும். பந்தியில் உட்கார்ந்துகொண்டு, டீச்சர் எப்படித் திட்டுவாங்க என்று யாரும் மறுபடி என்னைக் கேட்க வேண்டாம். சொல்ல மாட்டேன்.