ஒட்டுப் போட்டுச் சொன்ன கதை

அந்தத் தொலைக்காட்சி நாடகத்தைப் போல ஓட்டை விழுந்த கதையை நான் இன்றுவரை பார்த்ததில்லை. சிங்கள நாடகம். கிழமைக்கு ஒரு நாள், பொழுது பட்டு மஹ்ரிப் தொழுத கையோடு தொடங்கும். பதின்மூன்று கிழமை ஓடியது. எண்பதுகளின் நடுப்பகுதி. எங்கள் தெருவில் ஒரே ஒரு வீட்டில்தான் டீவி. வாப்பா குருநாகலில் கடை வைத்திருந்தபோது நான் அங்கே வளர்ந்ததால் எனக்குச் சிங்களம் தெரியும். திரையில் அவர்கள் கதைக்கக் கதைக்க, பாயில் இருக்கும் பெண்களுக்கு நான் தமிழில் சொல்லுவேன். பக்கத்தில் என் மதினி, எனக்கு மூத்த காக்காவின் பெண்சாதி, முழங்காலைக் கட்டிக்கொண்டு இருப்பார்.

நாடகம் தொடங்க இரண்டு மாதம் முந்தி என் காக்கா கடலுக்குப் போனவர் திரும்பவில்லை. தோணியின் ஒரு பலகை பாலமுனைக் கரையில் ஒதுங்கியது. நீலச் சாயத்தைப் பார்த்ததுமே எங்களுக்குத் தெரிந்துவிட்டது. பள்ளிவாசலில் விசாரித்து, ஆள் மௌத்துதான், உயிரோடு இல்லை, இனி மதினி இத்தா இருக்க வேண்டும் என்றார்கள். நாலு மாதமும் பத்து நாளும் வெள்ளை உடுத்து, வீட்டை விட்டு வெளியே வராமல் இருப்பது.

“மையித்தக் காட்டுங்க, இருக்கன்” என்றார் மதினி. உடலைக் கண்ணால் காணாமல் அவர் நம்பத் தயாரில்லை.

ஊர் வாய் சும்மா இருக்குமா? புருஷன் மௌத்தாகியும் டீவி பார்க்கப் போகிறாள் என்று கதைத்தது. கதைத்தவர்களோடு நான் சண்டைக்குப் போனேன். மதினி வெள்ளை உடுத்தால் காக்கா இல்லை என்று ஆகிவிடும். எனக்கு அது வேண்டாம்.

நாடகத்திலும் ஒருவன் மாணிக்கம் தோண்டப் போய்க் காணாமல் போனான். பெண்சாதி காத்திருந்தாள். மதினி எதற்காக அதைப் பார்த்தார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

ஆனால் கதையா அது! இரண்டாம் கிழமை மௌத்தான அவளுடைய உம்மா ஐந்தாம் கிழமை குந்திக்கொண்டு கத்தரிக்காய் வெட்டுகிறாள். அவனிடமிருந்து வந்த கடிதத்தை மேசையில் வைத்தார்கள், அதோடு சரி, யாரும் உடைக்கவேயில்லை. கேட்கிறவன் கேனையன் என்றால் எருமை மாடும் ஏரோப்பிளேன் ஓட்டுமாம். எழுதினவன் எங்களை அப்படித்தான் நினைத்திருக்கிறான்.

வேறு நாடகம் என்றால் கிழித்துத் தொங்கப் போட்டிருப்பேன். இதை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. கதை பொய் என்று மதினிக்குப் பட்டால், காத்திருப்பதும் பொய் என்று பட்டுவிடுமே. அதனால் ஓட்டை விழுந்த இடமெல்லாம் ஒட்டுப் போட்டேன்.

“அது உம்மா இல்ல மதினி, சாச்சி, உம்மாட தங்கச்சி. ரெண்டு பேரும் ஒரே சாயல்.”

“கடிதத்த அவ தனிய இருந்து படிச்சிட்டாவாம். சுகமா இருக்கானாம்.”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். பெண்கள் “அப்பிடியா, அப்பிடியா” என்றார்கள். மதினி வீட்டுக்குப் போனதும் இரண்டு பிடி சோறு கூடத் தின்றார். அது எனக்குப் போதும்.

கடைசிக் கிழமை அவன் வந்துவிட்டான். இஸ்திரி போட்ட சேட்டு, வழித்த முகம். பெண்சாதி ஓடிப் போய்க் கையைப் பிடித்தாள், ஒரு பாட்டு, முடிந்தது. எங்கே இருந்தான், ஏன் வரவில்லை, ஒரு சொல் இல்லை. நாசமாய்ப் போக என்று எனக்கு வயிறு எரிந்தது. பாயில் இருந்தவர்கள் எல்லாரும் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள்.

மதினி அழவில்லை. “இவ்வளவு நாளும் எங்க இருந்தானாம்?” என்று கேட்டார்.

“குழி சரிஞ்சி தலையில அடியாம். ஞாபகம் இல்லாம ஆஸ்பத்திரில கிடந்தானாம்.”

வீட்டுப் படலையடிக்கு வந்ததும் மதினி நின்றார்.

“புள்ள, ஆஸ்பத்திரிக் கதைய அவன் சொன்னானா, நீ சொன்னியா?”

இன்னொரு பொய் சொல்லியிருக்கலாம். வாய் நிறையப் பொய் வைத்திருந்தவள்தானே நான். அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு முடியவில்லை.

“நான்தான் சொன்னன், மதினி.”

“சாச்சி?”

“அதும் நான்தான்.”

“கடிதம்?”

தலையை ஆட்டினேன். அவருக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

“எனக்கும் அப்பவே பட்டது. உசிரோட இருக்கிற மனிசன் ஒரு சொல்லாவது அனுப்பாமக் கிடப்பானா? உங்கட காக்கா சந்தைக்குப் போய்ச் சுணங்கினாலும் ஆள் அனுப்புவார்.” படலையைத் திறந்தார். “உம்மாட்டச் சொல்லி வெள்ளப் புடவ ஒண்டு எடுத்துத் தா. விடிய இத்தா இருக்கப் போறன்.”

உம்மா பெட்டியைத் திறந்தார். புடவையை வாங்கிக்கொண்டு மதினியின் அறை வாசல் வரை வந்தேன். காக்கா மௌத்து என்று அதுவரை நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. அந்த வாசலில் நின்று குழறி அழுதேன். புருஷனை இழந்தவர்தான் எழும்பி வந்து என் கையிலிருந்த புடவையை வாங்கினார்.