உகாயின் பின்சக்கரம்

உகாய் ஷின்சாகு எட்டு வருடம் ஜப்பானுக்காக சைக்கிள் ஓட்டினான். பெர்லின், கிளாஸ்கோ என்று மரப்பலகைத் தடங்களைச் சுற்றி வந்ததில் அவன் எட்டிய உயரம் ஒரு நான்காம் இடம். மோசமான ஓட்டக்காரன் இல்லை. அதற்கு மேல் சொல்ல எனக்குத் தயக்கம். முப்பத்தேழு வயதில் தேசிய அணி அவனைக் கழற்றிவிட்டது. ஊருக்கு வந்து, மட்சுயாமா தடத்தில் எங்களோடு கெய்ரின் என்ற, பணம் கட்டிப் பார்க்கும் சைக்கிள் பந்தயம் ஓடத் தொடங்கினான்.

கெய்ரினில் ஒன்பது பேர். பக்கத்துப் பக்கத்து ஊர்க்காரர்கள் வரிசை கட்டிக்கொள்வோம். முதல் ஆள் எதிர்க்காற்றைத் தாங்குவான். இரண்டாமவன் பின்னால் வருகிறவர்களைத் தடுத்து அவனைக் காப்பான். யார் பின்னால் யார் என்று போட்டிக்கு முந்தின நாளே பத்திரிகைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். பந்தயச் சீட்டு வாங்குகிறவர்கள் அதை நம்பித்தான் வாங்குகிறார்கள்.

அன்று உகாய் முன்னால், தொகுஷிமா ஊர்க்காரர் தகெச்சி அண்ணன் இரண்டாவது, நான் மூன்றாவது. இன்னும் ஒன்றரைச் சுற்று இருக்கையில் மணி அடித்தது; முதல் ஆள் வேகமெடுக்க வேண்டிய நேரம். உகாய் கிளம்பவில்லை. வெளிநாட்டுப் பழக்கத்தில், வேறு யாராவது முன்னால் போகட்டும் என்று காத்திருந்தான். கடைசியில் ஒற்றை ஆளாகப் பாய்ந்து ஜெயித்தும்விட்டான். நாங்கள் இருவரும் நெரிசலில் சிக்கி ஏழாவது, எட்டாவது.

மூன்று நாள் போட்டி முடியும்வரை விடுதியில்தான் வாசம். கைபேசியைக்கூட வாங்கி வைத்துவிடுவார்கள். எங்களுக்கு எங்களை விட்டால் பேச ஆள் கிடையாது. அன்று ஜெயித்தவனோடு ஒருவரும் பேசவில்லை.

மாலையில் உகாய் எங்கள் மேசைக்கு வந்தான்.

"அண்ணே, நாளைக்கும் நாம மூணு பேரும் ஒரே ரேஸ். என் பின்னாடி வருவீங்களா?"

தகெச்சி உடோன் நூடுல்ஸை உறிஞ்சினார். "வந்தா என்ன கிடைக்கும்? உன் முதுகு தூரத்துல போறது தெரியும். அதை நான் டிவியிலயே பாத்துக்குறேன்."

"ஜெயிச்சது தப்பாண்ணே?"

"ஜெயிச்சது தப்பில்லடா. எங்களை நடுவழியில விட்டுட்டு ஜெயிச்ச பாரு, அதுதான்."

"அங்க எல்லாரும் தனித்தனி. அது உடம்புல ஊறிப்போச்சு. தெரிஞ்சு செய்யல."

ஒருவனைச் சரியாகக் காட்டுவது அவன் தெரிந்து செய்வது அல்ல, ஊறிப்போய்ச் செய்வதுதான் என்று எனக்கு ஓர் எண்ணம் உண்டு. பசியில் இருந்ததால் சொல்லவில்லை.

"நாளைக்கு மணி அடிச்ச உடனே கிளம்புறேன்," என்றான் உகாய்.

"மூச்சு தாங்குமா?"

"தாங்காது."

தகெச்சி சிரித்துவிட்டார். "அப்படிச் சொல்லு." எழுந்துபோய்ப் பத்திரிகைக்காரரிடம் "உகாய் பின்னாடிதான்" என்றார்.

மறுநாள் மணிச் சத்தம் அடங்குமுன் உகாய் பறந்தான். ஒரு சுற்று முழுக்க அவன் பின்சக்கரத்தை ஒட்டியே எங்கள் வரிசை போனது. கடைசி வளைவில் உகாயின் கால்கள் செத்துப்போக, தகெச்சி அவனைத் தாண்டி முதலாவது வந்தார், நான் இரண்டாவது. உகாய் ஒன்பதாவது.

வேலிக்கு அப்பாலிருந்து, கையில் சீட்டோடு ஒரு பெரியவர் கத்தினார்: "டேய் உகாய்! நேத்து உன்னை நம்பல, ஜெயிச்ச. இன்னைக்கு நம்பினேன், கடைசி! நான் எந்தப் பக்கம்டா போறது?"

உடைமாற்றும் அறையில் உகாய் தரையில் மல்லாந்து கிடந்தான். இதுவரை எங்களோடு பேசியே இராத, பக்கத்து ஊரான ககாவாக்காரன் ஒருவன் அவன் தலைமாட்டில் குனிந்தான்.

"நாளைக்கு என் ரேஸ்லதான் நீங்களும். உங்க பின்னாடி வரலாமா?"

பேச மூச்சில்லை. உகாய் தலையை மட்டும் ஆட்டினான், தேவைக்கு மேல் நாலைந்து தரம்.