சோப்புச் செலவு

ஊசி என்று அவளுக்குப் பெயர் வைத்தவன் நான்தான். முகத்துக்கு நேரே ஒருநாளும் சொன்னதில்லை. அந்தத் தைரியம் யாருக்கு இருக்கிறது? இப்போது சொந்தமாக ஆடிட் ஆபீஸ் வைத்திருக்கிறாள். வாசல் பலகையில் பெயரைவிடப் பட்டங்கள் நீளம். நான் சொல்ல வருவது, அவள் இன்னொரு ஆடிட்டரிடம் பயிற்சியில் இருந்தபோது எங்கள் சலவை நிலையத்துக்கு வந்து போன கதையை.

சலவை நிலையம் என்றால் தெருமுனை இஸ்திரிக் கடை இல்லை. நாலு ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்பும் தலையணை உறையும் எங்களிடம்தான் வெளுத்தன. கீழே ஆறு பெரிய மெஷின்கள், உலர்த்தும் கூடம், மடிப்பு அறை. மாடியில் என் மேஜை. சம்பளப் பட்டியலில் நாற்பத்திரண்டு பேர். இருபத்தைந்து வருஷம் அந்தக் கணக்கை எழுதினேன். கல்லூரி வாசலை மிதித்தவனில்லை. கணக்கு என்பது கைப்பழக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தவன்.

முதலாளிக்கு வயதாகிவிட்டது, நிலையத்தை விற்க ஏற்பாடு செய்தார். வாங்க வந்தவர்கள் ஒரு நிபந்தனை போட்டார்கள். பழைய ஆட்களை எல்லாம் அவரவர் வேலை பார்த்த வருஷத்துக்குத் தக்க தொகை கொடுத்து அனுப்பிவிட வேண்டும். ஆனால் ஆடிட்டர் சரிபார்த்த பட்டியலில் இருப்பவர்களுக்கு மட்டும்தான் தொகை. அந்தப் பட்டியலைச் சரிபார்க்கத்தான் ஊசி வந்தாள்.

முப்பது வயது இருக்கும். நாங்கள் வாங்கிக்கொடுத்த டீயைக்கூடத் தொடமாட்டாள். வீட்டிலிருந்து பிளாஸ்க் கொண்டுவருவாள். பஸ் டிக்கெட் கவுன்டரில் எட்டு வருஷம் உட்கார்ந்துவிட்டு, மூன்று வயதுப் பிள்ளையை மாமியாரிடம் விட்டுப் பல்கலைக்கழகத்தில் கணக்கியல் படிக்கப் போனவள். மதியச் சாப்பாட்டின்போது அவளே சொன்னாள்.

"இதுக்குப் போய் காலேஜா? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதும்மா," என்றேன்.

"எங்க வீட்டுக்காரரும் அதத்தான் சொன்னார் சார். டாக்டருக்குப் படிச்சா நாலு உயிரக் காப்பாத்தலாம், டீச்சருக்குப் படிச்சா நாலு பிள்ளைங்க உருப்படும், கணக்கப் படிச்சு ஊருக்கு என்ன ஆகப்போகுதுன்னு."

"நீ என்ன சொன்ன?"

"முதல் வருஷம் என்னத்தச் சொல்ல? ரெண்டு பேப்பர்ல ஃபெயில்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். இரண்டாம் வருஷம் ஒரு புரொபசர் வந்தாராம். வகுப்பை இரண்டாகப் பிரித்தார். ஒரு பாதியிடம் கட்டடத்தின் நாற்காலிப் பட்டியலைக் கொடுத்து, இதில் உள்ளதெல்லாம் இருக்கிறதா என்று பார்த்துவரச் சொன்னார். மறு பாதியை வெறுங்கையோடு அனுப்பி, கண்ணில் படுகிற நாற்காலியை எல்லாம் எழுதிவந்து, பிறகு பட்டியலில் தேடச் சொன்னார். பட்டியலோடு போனவர்கள் எல்லாம் சரி என்று வந்தார்கள். வெறுங்கையோடு போனவர்கள் எந்தப் பட்டியலிலும் இல்லாத ஏழு நாற்காலிகளோடு வந்தார்கள். பட்டியலை வைத்துக்கொண்டு தேடினால் காணாமல் போனது தெரியும், எழுதாமல் விட்டது தெரியாது என்றாராம் புரொபசர். அன்றைக்குத்தான் அந்தப் படிப்பின் மேல் தனக்குப் பிடிப்பு வந்தது என்றாள். நாற்காலி எண்ண மூன்று வருஷப் படிப்பா என்று நினைத்துக்கொண்டு சாப்பாட்டுப் பெட்டியைக் கழுவப் போனேன்.

முதல் வாரம் பட்டியலில் உள்ள நாற்பத்திரண்டு பேரையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பார்த்தாள். ஒரு குறை இல்லை. கிளம்பிவிடுவாள் என்றிருந்தேன். இரண்டாவது வாரம் வெற்றுத் தாளோடு கீழே இறங்கினாள். சாயங்காலம் மேலே வந்தபோது தாளில் நாற்பத்து மூன்று பேர் இருந்தார்கள்.

"சார், மடிப்பு ரூம்ல ஒரு அக்கா விரிப்பு மடிக்கிறாங்க. பட்டியல்ல அவங்களக் காணோமே."

மடிப்பு அக்கா என்னைவிடப் பத்து வயது இளையவர். இருந்தாலும் எனக்கும் அக்காதான், ஊருக்கே அக்கா. ஒரு விரிப்பை நீங்கள் கொட்டாவி விட்டு முடிப்பதற்குள் மடித்துவிடுவார். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால், ஒரு பெண் பிரசவ லீவில் போனபோது இரண்டு வாரத்துக்கென்று வந்தவர். இரண்டு வாரத்துக்காகப் பட்டியலில் சேர்ப்பானேன் என்று அவர் கூலியை 'சோப்பு, பினாயில் வகையறா' செலவில் எழுதினேன். லீவில் போனவள் திரும்பி வரவில்லை. அடுத்த மாதம், போன மாதத்தைப் பார்த்து எழுதினேன். கணக்கு எழுதுகிறவனுக்கு வரும் வியாதி அது. அக்காவுக்குக் கூலி உயர்ந்தபோதெல்லாம் புத்தகத்தில் சோப்பு விலை ஏறியது. மனசறிந்து யாரையும் நான் ஏமாற்றவில்லை, ஆனால் நான் எழுதிவைத்த லட்சணத்தில் அந்த அம்மாள் கையை வீசிக்கொண்டுதான் வீட்டுக்குப் போக வேண்டும்.

"சோப்புலயா சார்?" என்றாள் ஊசி. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

தன் ஆடிட்டருக்குப் போன் செய்தாள். அவர் குரல் எனக்கே கேட்டது. "மொத்தச் செலவுல அது தூசிம்மா. விட்டுட்டு வா."

"கம்பெனிக்குத் தூசிதான் சார். ஆளு முழுசா நிக்கிறாங்களே," என்றாள்.

அக்கா மாதாமாதம் கையெழுத்துப் போட்ட கூலிச் சீட்டுகள் இருந்தன. ஆனால் ஏழு வருஷம் தாண்டிய சீட்டுகளை நாங்கள் கிழித்துப் போட்டுவிடுவது வழக்கம். வாங்குகிறவர்களின் வக்கீல், ஏழு வருஷத்துக்குத்தான் காகிதம் இருக்கிறது, அதனால் ஏழு வருஷத் தொகைதான் என்றார். ஏழு வருஷத் தொகையில் ஒரு வருஷத்தை ஓட்டலாம். பத்தொன்பது வருஷத் தொகை என்றால் சின்னதாக ஒரு கடை வைத்துப் பிழைக்க ஒரு பிடிமானம். ஐம்பத்து மூன்று வயதில் இனி அவருக்கு வேலை கொடுக்கப்போவது யார்?

ஊசி மூன்று நாள் சாமான் அறையில் பழைய பேரேடுகளோடு கிடந்தாள். நாலாம் நாள் தும்மிக்கொண்டே ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்து என் மேஜையில் விரித்தாள். பதினோரு வருஷத்துக்கு முந்தைய பக்கம்.

"எல்லா மாசமும் சோப்பு ஒரே மாதிரி ஓடுது. இந்த மாசம் மட்டும் இறங்கியிருக்கு. ஓரத்துல சிக்கனம்னு எழுதியிருக்கீங்க. அந்த மாசம் அக்கா வரலையா சார்?"

அக்காவின் வீட்டுக்காரர் இறந்துபோன மாதம் அது. பன்னிரண்டு நாள் அவர் வரவில்லை. துக்கம் கேட்க நானும் போயிருந்தேன். திரும்பிவந்து மாதக் கணக்கை முடித்தேன். சோப்பு ஏன் குறைந்தது என்று முதலாளி கேட்பாரே என்று அந்த ஒரு வார்த்தையை ஓரத்தில் எழுதிவைத்தேன்.

"இது அக்காவோட கூலிதான்னு நீங்க எழுதிக் கையெழுத்துப் போட்டா, இந்தப் பக்கத்தோட சேர்த்து நான் வக்கீல்கிட்ட வாதாடிக்குவேன். இல்ல, நெசமாவே சோப்பு மிச்சமாச்சுன்னு சொன்னீங்கன்னா இதோட நிறுத்திடறேன். எனக்கு வேற வழி தெரியல."

புது முதலாளிகள் என்னை மட்டும் வைத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். இருபத்தைந்து வருஷக் கணக்கில் பத்தொன்பது வருஷம் பொய் என்று எழுதிக்கொடுப்பவனை எவன் வைத்துக்கொள்வான்? சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பது இதுதான். நல்லவன் என்பதால் கையெழுத்துப் போட்டேன் என்று சொல்லமாட்டேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அந்தத் துக்க வீட்டில் பெஞ்சில் உட்கார்ந்து அவர்கள் கொடுத்த தண்ணீரைக் குடித்தவன் நான். எழுதிக்கொடுத்தேன்.

வக்கீல் முனகிவிட்டுப் பத்தொன்பது வருஷத்தையும் ஒப்புக்கொண்டார். எனக்கு வேலை போயிற்று. அதில் அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

தொகை கொடுத்த அன்று என் மேஜையில்தான் எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். நாற்பத்து மூன்றாவதாக மடிப்பு அக்கா வந்தார். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஊசி அவர் காகிதங்களை வைத்தாள். மற்றவர்களுக்கு ஒரு தாள், இவருக்கு நாலு. அந்தப் பேரேட்டுப் பக்கத்தின் ஜெராக்ஸும் அதில் இருந்தது. அக்கா எதையும் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவர் இல்லை. வரிக்கு அடியில் விரலை வைத்து மெதுவாகப் படித்தார்.

"இது எங்க வீட்டுக்காரர் போன மாசம் இல்ல?"

"ஆமாக்கா," என்றேன்.

"சிக்கனம்னு போட்டிருக்கே. என்ன சார் மிச்சம் பண்ணோம் அந்த மாசம்?"

ஊசி என் பக்கம் திரும்பினாள்.

"உங்க பன்னெண்டு நாள் கூலி," என்றேன்.

அக்கா தலையாட்டினார். அந்த வரிக்குப் பக்கத்தில் முதலாளி தன் கைப்பட 'நன்று' என்று எழுதியிருந்தார். அதையும் விரல் வைத்துப் படித்தார். பிறகு ஊசி காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார்.